காவிரிக்கரை வந்த தளபதி

1311-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஹொய்சளரின் துவாரசமுத்திரத்தைப் பணிய வைத்துவிட்டுத் தெற்கே இறங்கிய டில்லிச் சேனை, இரண்டு கணவாய்களைக் கடந்து ஓர் ஆற்றங்கரையில் பாளயமிறங்கியதாக அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதியிருக்கிறார். அக்கணவாய்கள் தாரமங்கலம், தொப்பூர்ப் பக்கத்தன என்றும், ஆறு காவிரி என்றும் சரித்திர அறிஞர் சிலர் கொள்வர். அவ்விதமாயின், சேலம் நாமக்கல் சமவெளியின் வழியாக, இன்று வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழித்திருக்கும் ஜேடர்பாளையத்துக் காவிரிக்கரைக்கு அணித்தாகவோ சற்று விலகியோதான், மதுரையை நோக்கிய அந்தக் கொள்ளைப் பிரயாணம் நடந்திருக்க வேண்டும்.

அச்சேனையை நடத்தி வந்த மாலிக் காபூர், 1299-இல் குஜராத்தின் கம்பாத்துத் துறைமுகத்தில் சிறைபிடிக்கப்பட்டு, ஆயிரம் தீனார் பெறுமான அடிமை என்று பெயர் வாங்கி, டில்லிச் சுல்தான் அலாவுத்தீன் கில்ஜியின் சன்னிதானத்தை அடைந்தவன். சுல்தான் அவனுடைய ரூபலாவண்யத்தில் மதிமயங்கினான் என்று, காபூர் மாண்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சரித்திராசிரியர் ஜியாவுத்தீன் பரணி எழுதினார். பரணி, தாழ்ந்த குலத்தார் அதிகாரம் பெறுவதை மகாபாதகமாகக் கருதியவர். ஆகவே, அடிமையின் உயர்வுக்கு ஆற்றல் காரணமன்று, சுல்தானின் மோகமே காரணம் என்று சொல்வது அவருக்கு இசைவாயிருந்தது. பனாரசி பிரசாத் சக்சேனா போன்ற சரித்திர அறிஞர்கள் அந்த உறவில் காமம் இருந்ததென்பதையே மறுத்தனர். ஆனால், அலாவுத்தீனின் குமாரன் முபாரக் ஷா குஸ்ரோ கானிடம் கொண்ட காதலைப் பற்றி இத்தகைய மறுப்பு எழுவதில்லை. அந்தக் குஸ்ரோ கானும் தமிழகத்தின் மீது படையெடுத்து வந்தவனே. 1320-இல் தன்னை நேசித்த சுல்தான் முபாரக்கைக் கொல்வித்து அரியணை ஏறியவனும் அவனே.

ஆண் ஆணிடம் கொண்ட இந்தப் பிரேமையை, ஜப்பானியர் தம் சரித்திரப் படங்களில் தம் வீரர்க்கே உரியதாக வைத்துப் பார்த்தனர். சாமுராய்களிடையே அது முறைமையுள்ள பந்தமாக இருந்ததை இஹாரா சைக்காகு 1687-இலேயே கதைகளாக்கியிருந்தார். நாகிசா ஓஷிமாவின் ‘கோஹத்தோ’ (1999) என்னும் படத்தில், 1865-ஆம் ஆண்டுக் கியோத்தோ நகரத்து ஷின்சென்குமிப் படையில் புதிதாகச் சேரும் கானோ என்ற வாலிபன், முன்னுச்சி மயிரைக் களையாமல், அஞ்சாத கண்களுடன் வாளேந்தி நிற்கிறான். அவனை விரும்புவோரும், அந்த விருப்பத்தைக் கண்டு அஞ்சுவோரும், இரு சாராருமே நாட்டார் போற்றும் வீரர்கள்.

நம் நாட்டிலோ, 2018-இல் சஞ்சய் லீலா பன்சாலியின் ‘பத்மாவத்’ வந்தபோது, ரன்வீர் சிங்கின் கில்ஜியும் ஜிம் சர்ப்பின் காபூரும் அந்தப் பிரேமைக்கு உருவம் கொடுத்தார்கள்; சுல்தானுக்காகக் காபூர் உருகிப் பாடும் பாட்டும் அமைந்தது. எனினும் ராஜபுத்திரர் பக்கத்துக் காதல் தூய விளக்கொளியில் நிற்க, இந்தக் காதல் மட்டும் இருளிலும் குரூரத்திலும் தோய்த்தெடுக்கப்பட்டு, பகைவனின் கொடுமைக்கு மற்றொரு சான்றாகவே காட்டப்பட்டது. பரணியின் துவேஷம் ஆறரை நூற்றாண்டு கடந்து திரைக்கு வந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் கீழ் மனமொத்த வயதுவந்தோரின் ஒருபால் உறவு குற்றமாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதுரைப் படையெடுப்பைப் படமாக்க எண்ணும் தமிழ்க் கலைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: காபூர் நம் கோயில்களைச் சூறையாடியதையும், 512 யானைகளை ஓட்டிச் சென்றதையும் ஒளிக்காமல் காட்டுங்கள், அந்தக் குற்றத்துக்கு அவன் நேசத்தைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள்.