பெருந்தமனி வில்லின் பிறவிக் குறைபாடுகள்

பெருந்தமனி வில்லின் பிறவிக் குறைபாடுகள் என்பன, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைந்த பகுதியோ அதன் கிளைகளோ கருவிலேயே இயல்புக்கு மாறாக அமைந்துவிடுவதைக் குறிக்கும். இவற்றுட் சில மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி வளைத்து இறுக்குகின்றன. இவ்வமைப்பு குருதிக்குழல் வளையம் எனப்படும்.

தோற்றமும் வகைகளும்

கருவில் ஆறு இணைத் தமனி வில்கள் தோன்றிப் பெரும்பாலானவை மறைகின்றன. நான்காம் இணையின் இடப்பக்க வில்லே பெருந்தமனி வில்லின் ஒரு பகுதியாக நிலைக்கிறது. இரு பக்கமும் மறையாது நின்றால் இரட்டைப் பெருந்தமனி வில் உண்டாகும். இதில் பெரும்பாலும் வலப்பக்க வில்லே பெரியது. வலக் காறையெலும்புக்கீழ்த் தமனி இடம் மாறித் தோன்றி உணவுக்குழாயின் பின்னே செல்வது ஏறத்தாழ நூற்றில் ஒருவரிடம் காணப்படுகிறது. இது பொதுவாகத் தொல்லை தருவதில்லை.

அறிகுறிகள்

மூச்சை இழுக்கையில் கீச்சொலி, ஓயாத இருமல், பால் குடிக்கையில் திணறல் ஆகியன முக்கியமானவை. ஆஸ்துமா என்று எண்ணி நெடுநாள் மருந்து கொடுக்கப்படும் குழந்தைகளும் உண்டு. தமிழ்நாட்டில், 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரம் திட்டத்தின்கீழ் அங்கன்வாடி, பள்ளிச் சிறார்க்குப் பிறவி இதயநோய்ப் பரிசோதனை செய்யப்படுகிறது. எனினும் வளையம் மட்டும் உள்ள குழந்தையின் இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்காமலிருக்கலாம். சி.டி. ஸ்கேன் வளையத்தைத் தெளிவாகக் காட்டும்.

அறுவை சிகிச்சை

1945இல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் முதன்முதலாக இவ்வளையத்தை வெற்றிகரமாகத் துண்டித்தார். இரட்டை வில்லில் சிறிய வில்லையும், அருகிலுள்ள தமனி நாரையும் வெட்டி விடுவிப்பர். வெட்டுமுன் அவ்விடத்தைத் தற்காலிகமாகக் கவ்வி, இரு கைகளிலும் கழுத்திலும் நாடித் துடிப்பு நிற்கவில்லை என்று உறுதி செய்துகொள்வர்.

மூச்சுவழியைக் காத்தல்

மயக்கம் தொடங்கும் நேரமே மிக ஆபத்தானது. தசைகள் தளர்ந்தால், இறுக்கப்பட்டு மென்மையாகிவிட்ட மூச்சுக்குழாய் முழுவதும் மூடிக்கொள்ளக்கூடும். ஆகவே குழந்தை தானே மூச்சுவிடும் நிலையிலேயே ஆவி மருந்தால் மயக்கமூட்டுவதைப் பலர் விரும்புகின்றனர். முகமூடி வழியே காற்றைச் செலுத்த முடிகிறது என்று தெரிந்த பின்னரே தசைத் தளர்த்தி மருந்து தரப்படும்.

குரல்வளையைக் கண்டு குழாயைச் செலுத்துவது இங்குக் கடினமன்று. இடர்ப்பாடு அதற்குக் கீழே உள்ளது. குழாயின் முனை இறுகிய இடத்துக்கு மேலேயே நின்றால் காற்று கீழே செல்லாது. மிகக் கீழே சென்றால் ஒரு நுரையீரலுக்கு மட்டுமே காற்று கிட்டும். சிறு குழந்தையில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு மிகக் குறைவு. எனவே மெல்லிய அகநோக்கியால் பார்த்து முனையை நிறுத்துவது நல்லது. பல அளவுக் குழாய்களும், அடைப்பைத் தாண்டிச் செலுத்தத்தக்க விறைப்பான அகநோக்கியும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். திடீரென அடைப்பு நேர்ந்தால் குழந்தையைப் பக்கவாட்டிலோ குப்புறவோ திருப்புவது சில வேளை உதவும்.

மூக்கு வழியே இரைப்பைக்குச் செலுத்தும் குழாயை நெடுநாள் விட்டுவைப்பதும் தீங்கானது. அது உணவுக்குழாயை அரித்துத் தமனியுடன் துளை ஏற்படுத்தினால், குழாயை எடுக்கும்போது உயிரைப் பறிக்கும் குருதிப்பெருக்கு நேரலாம்.

சிகிச்சைக்குப் பின்

வளையத்தை வெட்டிய உடனே கீச்சொலி நீங்கிவிடுவதில்லை. மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு உறுதி பெறச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். குரல்வளை நரம்பு அடிபட்டால் அழுகை ஒலி கம்மும். நிணக்குழல் அறுபட்டால் மார்புக்கூட்டில் பால் போன்ற நீர் சேரும்.