ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு கடன் கணக்கு

ஜவ்வாது மலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காவலூர் வானியல் ஆய்வுக்கூடமும் பீமன் அருவியும்தான். அந்த மலைக்கு மேற்கே, திருப்பத்தூரில், வரலாற்றுப் புத்தகங்கள் அதிகம் பேசாத ஓர் இடம் இருக்கிறது. 1921-ல் தொடங்கப்பட்ட கிறிஸ்துகுல ஆசிரமம்தான் அது. இந்தியாவில் முதன்முதலில் தோன்றிய புராட்டஸ்டண்ட் ஆசிரமங்களில் ஒன்று. பாவம், மன்னிப்பு என்ற இரண்டு பெரிய வார்த்தைகளைச் சாப்பாட்டுப் பந்தியிலும் உடுத்தும் துணியிலும் வாழ்ந்து பார்த்த இடம் என்று இதைச் சொல்லலாம்.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சின்ன கணக்கு.

பாவம் என்றால் கடன்

இயேசு கற்பித்த ஜெபம் தமிழ் பைபிளில் இரண்டு இடங்களில் வருகிறது. லூக்கா எழுதியதில் "பாவங்கள்" என்று இருக்கும் இடத்தில், மத்தேயு எழுதியதில் "கடன்கள்" என்று இருக்கிறது. பாவத்துக்குக் கடன் என்று ஒரு பெயர்! அன்றாட வாழ்க்கையில் எல்லோருக்கும் தெரிந்த பொருளை வைத்தே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

அதே மத்தேயுவில் 18-ம் அதிகாரத்தில் ஒரு கதை உண்டு. ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ராஜா முழுவதையும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்த அவன், தனக்கு வெறும் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

ஒரு வெள்ளிப்பணம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் மன்னிக்கப்பட்ட கடன் 6 கோடி நாள் கூலி. அவன் மன்னிக்க மறுத்த கடன் 100 நாள் கூலி. ஆறு லட்சத்துக்கு ஒன்று!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகை மாயமாகிவிடுவதில்லை. வாராக்கடன் என்று கொடுத்தவரின் கணக்கில் நஷ்டமாக ஏறுகிறது. மன்னிப்பும் அப்படித்தான். யாரோ ஒருவர் அந்த நஷ்டத்தைச் சுமக்க வேண்டும்.

எடின்பரோவில் ஒரு தமிழர்

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அங்கே தூத்துக்குடிப் பகுதியைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா பேசினார். மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்ன அவர், இந்திய ஊழியர்களுக்கும் அவர்களுக்கும் இடையே முதலாளி - சம்பளக்காரர் உறவுதான் இருக்கிறது, நட்பு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவர் கேட்டது பணமோ பதவியோ அல்ல, நண்பர்களை. (பின்னாளில், 1912-ல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனவர் இவர்தான்.)

கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது ஒரு கடன் பாக்கியைத்தான். பங்களாவில் ஒருவர், வாசலில் ஒருவர் என்று வாழ்ந்துகொண்டே அன்பைப் பிரசங்கித்ததால் சேர்ந்த பாக்கி.

பெரியண்ணன், சின்னண்ணன்

அந்தப் பாக்கியைத் தீர்க்கும் முயற்சி போலத் தோன்றியதுதான் திருப்பத்தூர் ஆசிரமம். தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். பிரிட்டனில் படித்த நாட்களில் நண்பர்களானவர்கள்.

பேட்டன் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை அல்ல. அல்லோவா என்ற ஊரில் கம்பளி நூல் தொழிலில் பெயர்பெற்ற பணக்காரக் குடும்பம். அந்தக் காலத்து வழக்கப்படி வெள்ளைக்கார டாக்டர் தலைவராகவும் இந்திய டாக்டர் உதவியாளராகவும் இருந்திருக்க வேண்டும். இங்கே தலைகீழ்! வயதில் மூத்த இயேசுதாசன் "பெரியண்ணன்", இளையவரான பேட்டன் "சின்னண்ணன்". ஊர்மக்களும் அப்படியே அழைத்தார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். துரை என்று அழைக்கப்பட வேண்டியவர் சின்னண்ணன் ஆனால் அதில் எல்லாம் இருக்கிறது. "கிறிஸ்துகுலம்" என்பதற்கும் கிறிஸ்துவின் குடும்பம் என்றுதானே பொருள்?

கதர் உடை, எளிய சாப்பாடு, தரையில் உட்கார்ந்து வழிபாடு, ஏழைகளுக்கு மருத்துவமனை. ஜெபாலயத்தைக்கூடக் கோபுரத்துடன் நம்மூர்க் கோயில் பாணியில் கட்டினார்கள். "எங்களை மன்னியுங்கள்" என்று வாயால் சொல்வது சுலபம். உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்வதுதான் கஷ்டம்.

1932-ல் அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. அந்நியத் துணி மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். சென்னையில் கதர் அணிந்திருந்த பேட்டனைப் போலீசார் தடியால் அடித்தார்கள். இந்த விஷயம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. கம்பளி நூல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர், கைராட்டை நூல் உடுத்தியதற்காகத் தன் சொந்த நாட்டு அரசின் போலீசிடம் அடி வாங்கினார். அதன் பிறகும் அவர் ஆசிரமப் பணியை விடவில்லை. தள்ளுபடி செய்த கடன் யாருடைய கணக்கில் நஷ்டமாக ஏறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

நூறு வெள்ளிப்பணம் என்ன ஆயிற்று?

இங்கேயே முடித்தால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் மத்தேயுவின் கதையில் இரண்டாவது பாதி இருக்கிறதே!

வெள்ளைக்காரனிடம் சமமான இருக்கை கேட்ட தமிழ்க் கிறிஸ்தவர்கள், தங்களுக்குள் அதைக் கொடுத்தார்களா? 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தன் சபைகளில் ஜாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர் போன்ற இடங்களில் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினார்கள். 175 வருடம் கழித்து, 2008 மார்ச்சில், உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடியபோது கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். எல்லோரும் ஒரே ஜெபத்தைச் சொல்பவர்கள், ஒரே சிலுவையைக் கும்பிடுபவர்கள்!

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான பாடம் அல்ல. நமக்கு வரவேண்டிய மரியாதையை வட்டியோடு கணக்குப் போடுகிறோம். நாம் பிறருக்குத் தரவேண்டியது மட்டும் ஏட்டில் ஏறுவதே இல்லை.

ஜவ்வாது மலையடிவாரத்தில் இரண்டு டாக்டர்கள் வெள்ளை ஆட்சியின் பாவம் முழுவதையும் தீர்த்துவிடவில்லை. தங்கள் பங்கை மட்டும் தீர்த்தார்கள், அதுவும் ஒரு பந்தியில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் அண்ணன் தம்பியாக நினைத்து. அவரவர் பங்கை அவரவர் தீர்த்தால் போதும். ஆறு லட்சத்தில் ஒரு பங்குதானே?