சாம்பிராணி வந்த வழி



வெள்ளிக்கிழமை மாலையில் நம் வீடுகளில் சாம்பிராணி போடுகிறோம். தலை முழுகிய குழந்தைக்கும் புகை காட்டுகிறோம். கடைகளில் இப்பெயரில் பல பிசின்கள் விற்கப்படுகின்றன. அவற்றுள் மலாய் மக்கள் கெமென்யான் என்று அழைக்கும் பிசினைப் பற்றி இன்று அறிவோம்.

மலாக்கா நீரிணைக்கு அப்பால் இருப்பது சுமத்ரா. அதன் வடபகுதி மலைகளில் வாழும் பாத்தாக் மக்கள் கெமென்யான் மரத்தின் பட்டையைச் சுரண்டி, சிறு காயங்கள் செய்கிறார்கள். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் முன்னமே இருக்கிறது. வெட்டியதும் மங்கில் வடிகிறது. கெமென்யான் அப்படியன்று. காயம் படாத மரத்தில் இப்பிசின் இல்லை. காயம் பட்ட பிறகே மரம் அதை உண்டாக்குகிறது. சில மாதங்கள் காத்திருந்து, இறுகிய பிசினைப் பெயர்த்தெடுக்கிறார்கள்.

சுமத்ராப் பிசினில் மிகுந்திருப்பது சின்னமிக் அமிலம். கார்பன் அணு 9, ஹைட்ரஜன் அணு 8, ஆக்சிஜன் அணு 2 சேர்ந்தது இது. வெண்பளிங்கு போன்றது, 133 பாகை செல்சியசில் உருகும். இதன் பெயர் இலவங்கப்பட்டையின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. பட்டை எண்ணெய் நெடுநாள் காற்றுப்பட்டால், அதன் மணப்பொருள் ஆக்சிஜனை ஏற்று இந்த அமிலமாக மாறும். செடிகொடிகள் தம் உடலுக்குள்ளேயே இதை உண்டாக்குகின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் உருவாகும் வழியில் இதுவும் ஒரு படி.

சயாம் பிசினில் மிகுந்திருப்பது பென்சாயிக் அமிலம். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலுடன் சூடாக்கினால், சுமத்ராப் பிசினிலிருந்து கசப்பு வாதுமை மணம் எழும். சின்னமிக் அமிலம் இருப்பதற்கு அதுவே சாட்சி.

இப்பிசினும் கர்ப்பூரமும் சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறைமுகம் வழியாகக் கடல் கடந்தன. அதன் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்னும் நம் வணிகர் குழு பொறித்தது அது. கப்பலில் வருவோர் செலுத்த வேண்டிய பொன்னை அது குறிக்கிறது. அராபியர் இப்பிசினை லுபான் ஜாவி என்றனர். ஐரோப்பியர் நாவில் அது பென்சாயின் ஆயிற்று. 1833-இல் ஜெர்மானிய அறிஞர் மிட்ஷெர்லிக், பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்புடன் காய்ச்சி வடித்தார். கிடைத்த திரவத்துக்குப் பென்சின் என்று பெயரிட்டார். அதுவே இன்றைய பென்சீன்.

மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் பென்சாயின் இப்பிசினில் செய்ததே. சளிக்கு ஆவி பிடிக்கவும் தோலின் சிறு காயங்களை மூடவும் உதவுகிறது. சின்னமிக் அமிலத்தின் வழிப்பொருள்கள் வாசனைத் திரவியத்திலும், வெயில் காக்கும் பூச்சுகளிலும் சேர்கின்றன.

வணிகர் பெயர் கல்லில் நின்றது. அறிஞர் பெயர் ஏட்டில் நின்றது. மரமேறிப் பிசின் எடுத்தவர் பெயரை யாரும் எழுதவில்லை. பண்டுமான், சிபித்துஹுத்தா என்னும் ஊர்களின் கெமென்யான் காட்டை, காகிதக்கூழ் மரம் நடுவதற்காக 2009-இல் வெட்டத் தொடங்கினர். ஊரார் ஆண்களும் பெண்களுமாக எதிர்த்து நின்றனர்; சிலர் கைதாயினர். 2016 டிசம்பரில் இந்தோனேசிய அரசு 5,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட காட்டை நிறுவனத்தின் உரிமத்திலிருந்து விடுவித்து, அவர்களின் மரபுரிமையை ஏற்றது. மரத்தை அறிந்த கைகளுக்கு அந்த மரத்தின்மேல் உரிமை உண்டு என்பதை அம்மக்கள் நிலைநாட்டினர். வரலாற்றில் நாம் குறித்து வைக்க வேண்டிய பெயர்கள் இவையும்தான்.