தொமிகி கென்ஜியும் போட்டி ஐக்கிடோவின் தோற்றமும்

ஐக்கிடோவில் போட்டி கிடையாது என்பதுதான் அக்கலையைப் பற்றிப் பலரும் முதலில் கேள்விப்படும் செய்தி. புள்ளிக் கணக்கு இல்லை, பதக்கம் இல்லை. அதைத் தோற்றுவித்த உயெஷிபா மொரிஹெய் (1883–1969) போட்டியை உறுதியாக மறுத்தவர். ஆனால் அவரிடம் முதன்முதலாக எட்டாம் டான் என்னும் தரநிலையைப் பெற்ற மாணவரே பிற்காலத்தில் போட்டியுள்ள ஐக்கிடோவை உருவாக்கினார். அவர் பெயர் தொமிகி கென்ஜி. குருவின் சொல்லை மீறியவர் என்று அவரைக் கருதுவோர் இன்றும் உண்டு. அவருடைய ஆசிரியர் ஒருவரல்லர், இருவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தொமிகி 1900 மார்ச் 15 அன்று வட ஜப்பானின் அகிதா மாநிலத்திலுள்ள ககுனோடாதே ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே ஜூடோ பழகினார். இளமையில் காசநோய் அவரைச் சில ஆண்டுகள் படுக்கையில் கிடத்தியது. தேறியபின் தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஜூடோவின் நிறுவனர் கானோ ஜிகோரோவிடம் (1860–1938) நெருங்கிப் பழகும் வாய்ப்புக் கிடைத்தது. 1920களின் நடுவில் உயெஷிபாவையும் சந்தித்தார்.

இருவரும் இரு வேறு உலகத்தினர். கானோ கல்வியாளர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவர், பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஜப்பானியர். எதையும் வகைப்படுத்தி, காரணம் காட்டிக் கற்பிக்க வேண்டும் என்றவர். உயெஷிபாவோ தாக்கேதா சோகாகுவிடம் தைத்தோ மரபு ஜுஜுத்சுவைக் கற்று, ஓமோத்தோ சமயத்தில் ஆழ்ந்து, வித்தையை வழிபாடாகவே கண்டவர். அவர் விளக்கிச் சொல்வதில்லை, செய்து காட்டுவார். மாணவன் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தொமிகி எழுப்பிய கேள்வி ஜூடோவுக்குள்ளேயே பிறந்தது. பழைய ஜுஜுத்சுவைப் பாதுகாப்பான பயிற்சியாக மாற்றும்போது, எறியும் பிடிகளையும் தரையில் அடக்கும் பிடிகளையும் கானோ கட்டற்ற பயிற்சியான ராண்டோரிக்கு வைத்துக்கொண்டார். அடிகளையும் ஆபத்தான மூட்டுப் பூட்டுகளையும் முன்கூட்டியே வகுத்த அசைவுகளான கதாவுக்கு ஒதுக்கினார். இதனால் ஜூடோ வீரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றியபின்தான் ஆட்டம் தொடங்குகிறது. பற்றுவதற்கு முன்பே எதிராளி குத்தினால்? கையில் கத்தி இருந்தால்? அந்த இடைவெளியில்தான் உயெஷிபாவின் கலை இயங்கியது. கானோவும் இதை உணர்ந்திருந்தார். 1930இல் உயெஷிபாவின் வித்தையை நேரில் கண்டு, தம் மாணவர்களை அவரிடம் கற்க அனுப்பினார்.

1936இல் தொமிகி மஞ்சூரியாவுக்குச் சென்று, பின்னர் கென்கோகு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அது ஜப்பானிய ஆக்கிரமிப்பு ஆட்சி தன் தேவைக்காக நிறுவிய கல்விக்கூடம். அவர் வரலாற்றை எழுதுவோர் இதை விட்டுவிட்டுப் போவது சரியன்று. அக்காலத்திலேயே, விலகி நிற்கும் நிலையில் நிகழும் ஜூடோ நுட்பங்களைப் பற்றி அவர் முறையான ஆய்வுகளை எழுதினார். போர் முடிந்ததும் சோவியத் படையிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்தே நாடு திரும்பினார்.

மீண்டும் வசேதாவில் ஆசிரியரானார். 1958இல் அங்கே ஐக்கிடோ கழகம் உருவானது. இப்போது கேள்வி நடைமுறைக்கு வந்துவிட்டது: மாணவன் கற்றதை எதைக்கொண்டு சோதிப்பது? உடன் பயில்பவன் தானாக விழுந்து கொடுக்கும் பயிற்சியில், நுட்பம் பலித்ததா அல்லது தோழன் ஒத்துழைத்தானா என்று தெரியாது. தொமிகி இதற்குக் காட்டிய முன்னுதாரணம் வாள்வித்தை. பதினெட்டாம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் காப்புக் கவசமும் வந்தபின் வாள் பயில்வோர் உயிருக்கு அஞ்சாமல் முழு வேகத்தில் மோத முடிந்தது. அதனால் வாள்வித்தை அழியவில்லை, கெண்டோவாக வளர்ந்தது.

ஐக்கிடோவின் எண்ணற்ற நுட்பங்களிலிருந்து அவர் 17ஐ அடிப்படையாகத் தேர்ந்தார். உடலின் சமநிலையைக் குலைக்கும் அடிகள் 5, முழங்கைப் பூட்டுகள் 5, மணிக்கட்டுப் பூட்டுகள் 4, எதிராளியின் அசைவிலேயே அவனை மிதக்கவிட்டு வீழ்த்துபவை 3. முதலில் வெறுங்கையோடு மோதவிட்டார். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொள்ள, அது ஜூடோபோல் ஆனது. பிறகு ஒருவர் கையில் மென்மையான போலிக் கத்தியைக் கொடுத்தார். கத்தி வைத்திருப்பவர் மார்பில் குத்தினால் புள்ளி; மற்றவர் அதைத் தவிர்த்து நுட்பத்தால் வீழ்த்த வேண்டும். பாதி ஆட்டத்தில் கத்தி கை மாறும். எளிய ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கத்தி இருவருக்குமிடையே உரிய தூரத்தை மீட்டுத் தந்தது. அவருடைய கண்டுபிடிப்புகளில் மிகச் சிறந்தது இதுவே என்பேன்.

உயெஷிபாவின் வழிவந்த ஐக்கிகாய் அமைப்பு இதை ஏற்கவில்லை. போட்டி வந்தால் வெல்லும் வெறி வரும், கலையின் உட்பொருள் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. களத்தில் புள்ளி தரும் சில நுட்பங்களையே வீரர்கள் திரும்பத் திரும்ப நாடுவதைப் பார்க்கலாம். தொமிகியும் இதை அறிந்தே கதாவைக் கைவிடாமல் ராண்டோரியோடு சேர்த்தே கற்பித்தார். 1967இல் ஒசாக்காவில் ஷோதோக்கான் பயிற்சிக்கூடத்தையும், 1974இல் ஜப்பான் ஐக்கிடோ சங்கத்தையும் தொடங்கினார். 1979 டிசம்பர் 25 அன்று காலமானார். அவருடைய நெடுநாள் மாணவர் ஓபா ஹிதேயோ சங்கத்தின் தலைமையை ஏற்றார்.

தொமிகி உயெஷிபாவின் கலைக்குள் கானோவின் கேள்வியைக் கொண்டுசென்றவர். எதிர்த்திசையிலும் அந்தப் பாலத்தைக் கட்டினார் என்பதற்குச் சான்று கோதோகானிலேயே இருக்கிறது. 1956இல் ஜூடோவின் அந்தத் தலைமைப்பீடம் வகுத்த கோஷின் ஜுத்சு என்னும் தற்காப்புக் கதாவை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. வெறுங்கைத் தாக்குதலுக்கு 12, கத்தி, தடி, துப்பாக்கிக்கு 9 என அதில் 21 நுட்பங்கள். ஐக்கிடோ பள்ளியின் வாசலை மிதிக்காத ஜூடோ வீரர்களும் உயெஷிபாவின் மணிக்கட்டுப் பூட்டுகளை அதன் வழியாக இன்றும் பயில்கிறார்கள்.