களிமண் புறா

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் ஒரு நாள் மாலை பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினேன். கையெழுத்துக் கேட்டு வந்த நாலைந்து பேரும் போனபிறகு, ஒரு பெரியவரும் அவருடைய பேத்தியும் மட்டும் மிஞ்சி நின்றார்கள். பெரியவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாளாம். அவள் கையில் புத்தகம் ஒன்றும் இல்லை. ஒரு கேள்விதான் இருந்தது.

"ஐயா, களிமண் புறா சுடுற போட்டின்னு சொன்னீங்களே, அதைக் கத்துக்கணும்னா எங்கே போகணும்?"

வினை நானாகத் தேடிக்கொண்டதுதான். புதுக்கோட்டைத் தொண்டைமான்களைப் பற்றிப் பேசும்போது, அந்த மரபில் வந்த ஓர் இளைஞர் ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கியதையும் போகிற போக்கில் சொல்லிவைத்தேன். அது இந்தப் பெண்ணின் மனத்தில் போய் விழுந்திருக்கிறது.

பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. "பொம்பளைப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்குங்க? எங்க ஊரு ஏரியிலே அந்தக் காலத்திலே கொக்கு சுடுவாங்க. ஒண்ணு றெக்கை ஒடிஞ்சு எங்க வயல்லே வந்து விழுந்திச்சு. மூணு நாள் கூடையிலே வச்சிருந்தேன். பிழைக்கலை. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு? நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

அந்த ஏரியும் இப்போது இல்லை, அந்த ஊரும் இல்லை. இரண்டும் சுரங்கத்துக்குள் போய்விட்டன என்பதைப் பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

பேத்தியின் கேள்வி ஒன்று, தாத்தாவின் கேள்வி ஒன்று. இரண்டுக்கும் பதில் ஒரே கதையில் அடங்கியிருக்கிறது. அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டபடியால் அவசரமாகச் சொன்னேன். இங்கே சற்று நிதானமாக எழுதுகிறேன்.

பெரியவர் பயந்ததில் தப்பு இல்லை. இந்த விளையாட்டு உண்மையான புறாவில்தான் தொடங்கிற்று. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பணக்காரர்கள் பந்தயம் கட்டிப் புறா சுட்டார்கள். தரையில் சிறு குழி தோண்டி, அதில் புறாவை வைத்துப் பழைய தொப்பி ஒன்றால் மூடிவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் தொப்பி கவிழும், புறா எழும்பும், துப்பாக்கி வெடிக்கும். பிறகு தொப்பிக்குப் பதில் மூடியுள்ள பெட்டி வந்தது. அந்தப் பெட்டிக்கு 'ட்ராப்' என்று பெயர். நம் பாஷையில் பொறி. இன்று ஒலிம்பிக்கில் நடக்கும் களிமண் தட்டுப் போட்டிக்கும் 'ட்ராப்' என்றுதான் பெயர். பறவை போய்விட்டது, அதை அடைத்து வைத்த பொறியின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

1900-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில்கூட உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள். பெல்ஜியத்துக்காரரான லியோன் டி லுண்டன் 21 புறாக்களை வீழ்த்தி முதலிடம் பெற்றார். இருபத்தொன்று என்று எழுதும்போது அது வெறும் எண். பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது இரத்தமும் இறகுமாக இருந்திருக்கும். ஷாட்கன் தோட்டாவில் ஒரு குண்டு இராது. சின்னச் சின்ன ரவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். நடுவில் பட்ட பறவை சாகும். ஓரத்தில் பட்டது, நம் பெரியவரின் கொக்கைப்போல் எங்கேயாவது போய் விழுந்து கிடக்கும். இந்தக் கொடுமைக்கு எதிராகக் குரல் வலுத்து, கடைசியில் 1921-ல் இங்கிலாந்து, அடைத்து வைத்த பறவையைத் திறந்துவிட்டுச் சுடுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

அதற்கு முன்பே மாற்று வழி தேடியவர்கள் இருந்தார்கள். முதலில் வந்தது கண்ணாடி உருண்டை. அமெரிக்காவில் 1870-களில் புகழ்பெற்றிருந்த ஆடம் பொகார்டஸ் என்ற சுடுவீரர் அதை வீசுவதற்குத் தாமே ஒரு பொறி செய்தார். சில உருண்டைகளுக்குள் இறகுகளை அடைத்து வைப்பதும் உண்டு. உருண்டை உடைந்தவுடன் இறகு பறக்க வேண்டுமாம்! கொலையை விட மனம் வந்தவர்களுக்குக் கொலையின் அழகை விட மனம் வரவில்லை. நாம் சிரிக்க வேண்டாம். இன்றைய இறுதிப் போட்டிகளிலும் தட்டுக்குள் வண்ணப் பொடியை வைக்கிறார்கள். அடிபட்டதும் ஆகாயத்தில் குபீரென்று ஒரு வண்ணப் புகை எழும்பும்; கூட்டம் கை தட்டும்.

கண்ணாடி உருண்டையில் ஒரு குறை இருந்தது. அது மேலே போய்க் கீழே விழுமே தவிர, பறவையைப் போல் பாய்ந்து போகாது. இந்த இடத்தில்தான் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி வருகிறார். பையன்கள் தண்ணீரின்மேல் தட்டைச் சிப்பிகளை வீசித் தத்தித் தத்திப் போகச் செய்ததைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் குளக்கரையில் ஓட்டாஞ்சில்லு எறிகிறார்களே, அதேதான். தட்டையான பொருள் சுழன்று போனால் காற்றில் மிதந்து போகும். அவர் களிமண்ணைத் தட்டாக்கிச் சுட்டு, அதை வீச ஓர் இயந்திரமும் செய்து 1880-ல் காப்புரிமை பெற்றார். 'களிமண் புறா' பிறந்தது இப்படி.

சூளையில் வெந்த மண் சில சமயம் பானைபோல் உறுதியாகிவிட்டது. ரவை பட்டால் மணி மாதிரி 'கிண்' என்று ஓசை எழும், தட்டு உடையாது! ஆகவே களிமண்ணைக் கைவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் கலந்து வார்க்கத் தொடங்கினார்கள். இன்றைய களிமண் புறாவில் களிமண்ணே கிடையாது. 110 மில்லிமீட்டர் அகலமும் 105 கிராம் எடையும் கொண்ட கரித்தட்டு அது.

"களிமண்ணுக்கு நெய்வேலியிலே பஞ்சமா?" என்று பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். அவருக்கு இந்தச் செய்தி ஏமாற்றமாகத்தான் இருந்தது. 1957 மே 20-ல் நேரு வந்து தொடங்கிவைத்த நாளிலிருந்து 1961-ல் பழுப்பு நிலக்கரி முகம் காட்டும் வரையில், மணலும் களிமண்ணுமாக அள்ளி அள்ளிக் கொட்டிய ஊர் அல்லவா? அந்த மேல்மண் மலையில் அவருடைய ஊர் மண்ணும் ஒரு பிடி இருக்கும்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1878-ல் ஆங்கில அரசு ஆயுதச் சட்டம் கொண்டுவந்து, இந்தியர்கள் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. ராஜாக்களுக்கும் தடை இல்லை. ஆகையால் குறிபார்க்கிற கலை அரண்மனைக்குள் வளர்ந்தது. பிகானீர் மகாராஜா கங்கா சிங் கஜ்நேர் ஏரிக்கரையில் நடத்திய கல்கவுதாரி வேட்டை வைஸ்ராய்களையே வரவழைத்தது. அவருடைய பேரர் கர்ணி சிங் தட்டுக்கு மாறினார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 1962-ல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். இடையே 1952 முதல் 1977 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தாத்தாவுக்குக் கவுதாரி, பேரனுக்குக் கரித்தட்டு! 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டைக்கு வழி குறுகிப்போயிற்று. அப்புறம் குறிபார்க்க ஆசைப்பட்டவனுக்குத் தட்டுதான் மிஞ்சியது.

புதுக்கோட்டைக் கதையும் இதைச் சேர்ந்ததுதான். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ராஜா இருந்த புது அரண்மனையில் இன்று கலெக்டர் அலுவலகம் நடக்கிறது. அந்த மரபில் பிறந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2023 அக்டோபர் 1-ம் தேதி ஹாங்சௌ ஆசியப் போட்டியில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து குழுத் தங்கம் வென்றார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். உயிர்ப் புறாவைச் சுட்ட அதே நகரத்து ஒலிம்பிக் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

'அப்படியானால் இது ராஜாக்கள் விளையாட்டு, நமக்கு ஏது?' என்று கேட்கலாம். அதே அக்டோபர் முதல் தேதி, அதே மைதானத்தில், இந்தியப் பெண்கள் மூவர் குழு வெள்ளிப் பதக்கம் வாங்கிற்று. ஒருவர் ராஜேஸ்வரி குமாரி. பாட்டியாலா ராஜ குடும்பம். அவருடைய தந்தை ரண்தீர் சிங்தான் 1978-ல் பாங்காக்கில் இதே ட்ராப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் ஆசியத் துப்பாக்கிச் சுடுதல் தங்கத்தை வாங்கித் தந்தவர். இரண்டாமவர் மனீஷா கீர். போபால் பக்கத்து மீனவர் மகள். மூன்றாமவர் பிரீத்தி ரஜக். சலவைக் கடைக்காரரின் மகள், ராணுவத்தில் சேர்ந்தவர். மூவரும் ஒரே மேடையில் நின்றார்கள்.

இது தானாக நடந்துவிடவில்லை. மீனவர் மகளும் சலவைக் கடைக்காரர் மகளும் துப்பாக்கி வாங்க முடியாது. தோட்டாக்கூட வாங்க முடியாது. ஒரு சுற்றுக்கு 25 தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்றோ இரண்டோ தோட்டா என்று கணக்குப் பார்த்தால் பணம் புகையாகப் போகிற விளையாட்டு இது. மத்தியப் பிரதேச அரசு போபாலில் ஒரு பயிற்சிக் கழகம் அமைத்துக் கொடுத்தது. அங்கே கற்றுத்தான் இருவரும் முன்னுக்கு வந்தார்கள். 1878-ல் ஒரு சட்டம் சாத்திய கதவை ஓர் அரசுதான் திறக்க வேண்டியிருந்தது.

பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு என்ற கேள்விக்கும் சரித்திரத்தில் பதில் உண்டு. 1992-ல் பார்சிலோனாவில், களிமண் தட்டின் இன்னொரு வகைப் போட்டியான 'ஸ்கீட்'டில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே போட்டியிட்டார்கள். சீனப் பெண் ஜாங் ஷான், தகுதிச் சுற்றில் 200-க்கு 200 தட்டையும் உடைத்து, ஆண்களைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கினாள். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியில் பெண்களுக்கு இடமே இல்லை! 2000-ல்தான் அவர்களுக்கென்று தனிப் போட்டி வைத்தார்கள்.

சரி, எங்கே போய்க் கற்றுக்கொள்வது? தமிழ்நாட்டில் ஷாட்கன் பயில்கிற இடங்கள் அதிகம் இல்லை. புதுக்கோட்டையில் ராயல் புதுக்கோட்டை விளையாட்டுக் கழகம் இருக்கிறது. சொந்தமாக உரிமம் பெற 21 வயது நிறைய வேண்டும். அதற்கு முன் சங்கத்தில் சேர்ந்து, பெரியவர்களின் மேற்பார்வையில் பயிலச் சட்டம் இடம் தருகிறது.

முதல் நாளே சுடலாம் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது. முதல் பாடம் துப்பாக்கியைச் சுமப்பது. சுடும் இடத்துக்கு வரும்வரை குழலை மடக்கித் திறந்தே வைத்திருக்க வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்பது பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் தெரிய வேண்டும். காலியாக இருந்தாலும் குழலை மனிதர் பக்கம் திருப்பலாகாது. இரண்டாவது பாடம், எந்தக் கண் நமக்குத் தலைமைக் கண் என்று அறிவது. இரண்டு கைகளையும் சேர்த்து நடுவில் சிறு துவாரம் விட்டு, தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடினாலும் அந்தப் பொருள் மறையாமல் இருந்தால், திறந்திருக்கிற கண்தான் தலைமைக் கண். மூன்றாவது, வெறும் துப்பாக்கியைத் தோளிலும் கன்னத்திலும் ஒரே இடத்தில் வந்து பொருந்தும்படி எடுத்து எடுத்துப் பழகுவது. கன்னம் கட்டையை விட்டுத் தூக்கினால் குறி போயிற்று.

அதன் பிறகே தட்டு. சுடுகிறவர் நிற்கும் இடத்துக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம். அதில் 15 இயந்திரங்கள். சுடுபவர் குரல் கொடுத்த கணமே ஒலிவாங்கி அதைக் கேட்டு ஏதோ ஓர் இயந்திரத்தை விடுவிக்கும். தட்டு இடப்புறமா, வலப்புறமா, நேராகவா என்பது முன்கூட்டித் தெரியாது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். ஒரு விநாடிக்குள் சுட்டாக வேண்டும். புதிதாக வருகிறவர் எல்லாரும் செய்கிற தவறு, துப்பாக்கியைப் பார்ப்பது. பார்க்க வேண்டியது தட்டை மட்டும். அது இருக்கும் இடத்தில் சுட்டால் ரவை போய்ச் சேரும்போது அது அங்கே இராது. அது போகப்போகும் இடத்தில் சுட வேண்டும். விசையை அழுத்திய பிறகும் கை நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதில் பாவமே இல்லை என்று நான் பெரியவரிடம் சாதிக்கவில்லை. ஈய ரவை மண்ணில் கிடக்கிறது. அதைக் கல்லென்று விழுங்கிய பறவை சாகும். ஆனால் கொக்கின் றெக்கையை ஒடிக்கிற விளையாட்டு, கரித்தட்டை உடைக்கிற விளையாட்டாக மாற நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மாற்றத்துக்குக் காரணம், கூடையில் கொக்கை வைத்துக்கொண்டு மூன்று நாள் கண் விழித்திருந்த இவரைப் போன்ற மனிதர்கள்தான்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பேத்தியும் வாய் திறக்கவில்லை. தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தட்டு உடைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"பொடியாகப் போய்விடும்."

"சத்தம் போடாதே?"

"போடாது."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "புதுக்கோட்டைக்கு இங்கேயிருந்து நேர் பஸ் இருக்குதுங்களா, திருச்சியிலே மாறணுமா?" என்று கேட்டார்.