எச்.ஐ.வி. தொற்றும் உமிழ்நீர்ச் சுரப்பி நீர்க்கட்டிகளும்

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களில் சிலருக்குக் காதுக்கு முன்னாலுள்ள செவிமுன் உமிழ்நீர்ச் சுரப்பியில், தாடையின் கோணத்தை ஒட்டி, வலியில்லாமல் மெல்ல வளரும் புற்றல்லாத நீர்க்கட்டிகள் இவை. பொன்னுக்கு வீங்கி வரும் அதே இடம்தான். ஆனால் காய்ச்சல் இராது, வீக்கம் பத்து நாளில் வடிந்தும் போகாது. பெரும்பாலும் இரு கன்னத்திலும், ஒரே சுரப்பிக்குள் பலவாகத் தோன்றும். தொற்றுள்ள பெரியவர்களில் 3 முதல் 6 விழுக்காட்டினரிடமும், குழந்தைகளில் 10 விழுக்காடு வரையிலும் காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

இக்கட்டிகளுக்கு அடிப்படையான திசு மாற்றம் எச்.ஐ.வி.க்கு முன்பே அறியப்பட்டதுதான். 1888இல் கோனிக்ஸ்பர்க் நகரில் அறுவை மருத்துவர் யோஹான் மிக்குலிச், கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் ஒருசேர வீங்கிய ஒரு விவசாயியைப் பற்றி எடுத்துரைத்தார். நிணநீர் அணுக்கள் சுரப்பிக்குள் குவியும் இந்நிலைக்குத் தீங்கற்ற நிணநீர்-புறத்திசு மாற்றம் என்ற பொருளில் 1952இல் காட்வின் பெயரிட்டார். அடுத்த ஆண்டே மார்கனும் கேசில்மனும் இதைக் கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோயோடு இணைத்துக் காட்டினர். ஆனால் உள்ளே நீர் கோத்துக் கட்டியாவது அப்போது அபூர்வமாயிருந்தது. அறுவை மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளில் ஓரிரண்டைப் பார்த்திருந்தாலே பெரிது.

1980களில் அந்த நிலை மாறியது. 1985இல் ரையனும் அவருடன் பணியாற்றியவர்களும், உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள நிணநீர்க் கணுக்களின் வீக்கத்தால் எய்ட்ஸ் வெளிப்பட்டதை நியூயார்க்கிலிருந்து பதிவு செய்தனர். 1988இல் வெளியான சி.டி., எம்.ஆர். படங்கள் மெல்லிய சுவருள்ள பல நீர்க்கட்டிகளையும் கழுத்துக் கணுக்களின் பெருக்கத்தையும் சேர்த்துக் காட்டின. அதன்பின், இரு கன்னத்திலும் இப்படி வீங்கி வருபவருக்குக் கத்தியை எடுக்குமுன் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது வழக்கமாயிற்று. தமக்குத் தொற்று இருப்பதைக் கன்ன வீக்கத்தால் முதன்முதலாக அறிந்தவர்கள் உண்டு.

மற்ற உமிழ்நீர்ச் சுரப்பிகளை விட்டு இது ஏன் செவிமுன் சுரப்பியையே பிடிக்கிறது? விடை கருவளர்ச்சியில் இருக்கிறது. இந்தச் சுரப்பியைச் சுற்றி உறை உருவாவதற்குத் தாமதமாவதால் நிணநீர்க் கணுக்கள் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. அக்கணுக்களுக்குள் உமிழ்நீர்க் குழாயின் திசுத் துணுக்குகளும் அகப்படுகின்றன. வைரஸால் கணுக்கள் பெருக்கும்போது அத்துணுக்குகள் விரிந்து நீர்க்கட்டியாகின்றன என்பது ஒரு விளக்கம். பெருகிய நிணநீர்த் திசு குழாய்களை நெருக்கி அடைப்பதே காரணம் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

குழந்தைகளிடம் இந்த வீக்கம் நோய் மெதுவாக நகர்வதோடு சேர்ந்து காணப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் காரணமறியாது நீடிக்கும் இவ்வீக்கத்தைக் குழந்தைகளுக்கான மருத்துவப் படிநிலைகளில் இரண்டாவதில், அதாவது மிதமான நிலையில்தான், வைத்திருக்கிறது.

சிகிச்சையின் வரலாறு நோயாளியின் ஆயுளோடு பிணைந்தது. ஊசியால் நீரை உறிஞ்சினால் மறுபடி ஊறிவிடும். சுரப்பியை வெட்டி எடுக்கலாம். ஆனால் முக நரம்பு அதன் ஊடாகவே ஓடுகிறது, பழுதுபட்டால் வாய் கோணிப்போகும். புற்றல்லாத ஒரு கட்டிக்காக அவ்வளவு துணிவது மிகை என்றே சொல்ல வேண்டும். 1990களில் 24 கிரே அளவுக் கதிர்வீச்சு வீக்கத்தை அடக்க உதவியது. நோயாளி சில ஆண்டுகளே வாழ்வார் என்றிருந்தபோது கதிர்வீச்சின் பின்விளைவு பெரிதாகத் தோன்றவில்லை. 1996க்குப் பின் கூட்டு மருந்துகள் ஆயுளை நீட்டின. அதனால், கதிர்வீச்சு பெற்ற அதே இடத்தில் பல்லாண்டு கழித்துப் புற்று வரக்கூடும் என்ற கணக்கையும் பார்க்க வேண்டியதாயிற்று. டாக்ஸிசைக்ளின் மருந்தைக் கட்டிக்குள் செலுத்திச் சுவர்களை ஒட்டவைக்கும் முறையும் உண்டு.

இன்று பலருக்கு எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளிலேயே கட்டி சுருங்கிவிடுகிறது. கரையாதவற்றுக்கும், முகத் தோற்றத்தால் மனம் வருந்துபவர்களுக்கும்தான் மற்ற வழிகள். மிக அரிதாக நிணநீர்ப் புற்று தலைகாட்டுவதுண்டு; ஆகவே ஒரு புறம் மட்டும் விரைந்து பெருக்கும், கெட்டியாகும், முக நரம்பைத் தளரச்செய்யும் வீக்கத்தை ஊசி வழித் திசுச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள்.