ஓடும் வண்டிக் கழிப்பறை: ஃப்ளஷ் கோளாறுகள்

ரயில் பெட்டி, கேம்பர் வேன், படப்பிடிப்பு கேரவன் ஆகியவற்றில் உள்ள கழிப்பறைக்குச் சாக்கடை இணைப்பு கிடையாது. தண்ணீரும் கழிவும் வண்டியோடுதான் பயணம் செய்தாக வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவுத் தொட்டிக்கும் நடுவே எங்கே சிக்கல் வந்தாலும் பயணிகள் ‘ஃப்ளஷ் வேலை செய்யவில்லை’ என்றே சொல்வார்கள்.

ரயிலில்

இந்திய ரயில்வேயும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து உருவாக்கிய பயோ டாய்லெட் 2011 ஜனவரியில் புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் ஓடத் தொடங்கியது. பெட்டிக்கு அடியில் உள்ள எஃகுத் தொட்டியில், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கழிவை நீராகவும் வாயுக்களாகவும் சிதைக்கின்றன. குளோரின் கலந்த பிறகே அந்த நீர் வெளியேறுகிறது. மானாமதுரை – ராமேஸ்வரம் 114 கி.மீ. பாதை 2016 ஜூலையில் கழிவு தண்டவாளத்தில் விழாத நாட்டின் முதல் பசுமை ரயில் தடம் ஆனது. பயோ டாய்லெட் வருவதற்கு முன்பு தண்டவாளத்தில் விழுந்த கழிவை மனிதர்கள்தான் அப்புறப்படுத்தினார்கள். அந்த அவலத்தை ஒழிப்பதே இந்தத் தொட்டியின் முதல் பயன்.

அந்தத் தொட்டியைத் தோற்கடிப்பது பெரும்பாலும் நாம் போடும் குப்பைதான். மத்திய தணிக்கைத் துறை 2017இல் வெளியிட்ட அறிக்கை, 25,080 பயோ டாய்லெட்டுகளில் ஓராண்டில் 1,99,689 குறைகள் பதிவானதாகச் சொல்கிறது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை அடைப்பு. தண்ணீர் பாட்டில், குட்கா பாக்கெட், நாப்கின், துணி என எதையும் பாக்டீரியா தின்னாது. திருச்சி பொன்மலையில் 1928 முதல் இயங்கும் பணிமனை போன்ற இடங்களில் பெட்டிகளை எவ்வளவு நேர்த்தியாகப் பழுதுபார்த்து அனுப்பினாலும், ஒரே ஒரு பாட்டில் அந்தக் கழிப்பறையை முடக்கிவிடும்.

கேம்பர் வேனில்

கேம்பர் வேன்களில் பரவலாக இருப்பது கேசட் டாய்லெட். கோப்பைக்குக் கீழே தகட்டு வால்வும், அதற்கடியில் கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டியும் இருக்கும். சிறிய 12 வோல்ட் மோட்டார் தண்ணீர் அடிக்கும்.

பட்டனை அழுத்தியதும் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சத்தமே இல்லையென்றால் கோளாறு மின்சாரத்தில்: பேட்டரி, ஃப்யூஸ், ஒயர் இணைப்பு, சுவிட்ச் என்ற வரிசையில் பார்க்கலாம். மோட்டார் உறுமியும் தண்ணீர் வரவில்லையென்றால் தொட்டி காலியாக இருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம், அல்லது வடிகட்டியில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். உப்புத் தண்ணீர் நிரப்பும் ஊர்களில் தெளிப்புத் துளையிலேயே வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும்.

தண்ணீர் வந்தும் கீழே இறங்கவில்லையென்றால், தகடு முழுதாகத் திறக்கிறதா, பெட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். நாற்றம் வந்தாலோ கோப்பையில் தண்ணீர் நிற்காமல் கசிந்தாலோ, தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்திருக்கும். கைக்குக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் ரப்பர் கெட்டுவிடும். அதற்கு சிலிக்கோன் ஸ்ப்ரே ஏற்றது.

கொட்டும் இடம்

பழுதைச் சரிசெய்த பிறகும் கழிவைக் கொட்ட ஓர் இடம் வேண்டும். நிலத்தடி நீரை நம்பி வாழும் ஊர்களில், வயலோரத்திலோ ஏரிக்கரையிலோ பெட்டியைக் கவிழ்ப்பது பெருங்கேடு. செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில், உரியவரிடம் கேட்டுக் கொட்டலாம். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து ஊற்றியிருந்தால் அங்கும் கொட்டக் கூடாது. டேங்கில் உள்ள பாக்டீரியாக்களை அது கொன்றுவிடும்.